கோபால்ட் அயனியின் காந்தத் திருப்புத்திறன்: சூத்திரம் 3.87 என்கிறது, சோதனை 5-ஐத் தாண்டுகிறது. எது சரி?

புத்தக அட்டவணையில் கோபால்ட் +2 அயனியின் காந்தத் திருப்புத்திறன் (அது எவ்வளவு வலுவான சிறு காந்தம் என்பதன் அளவு) சூத்திரப்படி 3.87, சோதனைப்படி 4.4 முதல் 5.2 வரை என்று போட்டிருக்கிறது, டியூஷன் சாரிடம் கேட்டால் "அது சோதனைப் பிழை, விட்டுத்தள்ளு" என்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனை மதிப்பை நம்புங்கள். அதில் பிழை இல்லை. நீங்கள் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேதியியல் ஆசிரியை நான். இதே எண்ணுக்காக ஒருமுறை மதிப்பெண் இழந்தவள் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் சூத்திரம். இணையாகாத, அதாவது ஜோடி சேராமல் தனியாக நிற்கும் எலக்ட்ரான்கள் எத்தனை என்று எண்ணுகிறோம். அந்த எண்ணை, அதைவிட இரண்டு அதிகமான எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறோம். ஒரு எலக்ட்ரான் என்றால் 1.73, மூன்று என்றால் 3.87, ஐந்து என்றால் 5.92 போர் மேக்னட்டான் (திருப்புத்திறனின் அலகு). இது எலக்ட்ரானின் தற்சுழற்சியை மட்டும் கணக்கில் எடுக்கும் சூத்திரம். எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுவதாலும் காந்தத் தன்மை வரும். அதை இந்தச் சூத்திரம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. மாங்கனீசு +2, குரோமியம் +3 போன்றவற்றில் அப்படி வைத்துக்கொள்வது சரியாகவே இருக்கிறது. கோபால்ட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் கனிம வேதியியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது கூய் தராசு. இன்றைய பிள்ளைகளில் பலர் அதைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் உப்பைப் பொடித்து நிரப்பி, தராசின் ஒரு பக்கத்தில் தொங்கவிட வேண்டும். குழாயின் அடிப்பாகம் மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் நிற்கும். மின்சாரம் இல்லாமல் ஒரு எடை, மின்சாரம் பாய்ச்சி ஒரு எடை. உப்பு பாராகாந்தத் தன்மை உடையது என்றால் காந்தம் அதை உள்ளே இழுக்கும், எடை கூடியதாகக் காட்டும். டயாகாந்தம் என்றால் மெல்லத் தள்ளும், எடை துளி குறையும். வித்தியாசம் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்த்து வழியச் செய்வோம். பொடியைக் குழாயில் நிரப்புவதுதான் பெரிய வேலை. கொஞ்சம் போட்டு மேசையில் தட்ட வேண்டும், மறுபடி போட்டுத் தட்ட வேண்டும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் கணக்கு கெட்டுவிடும். தராசை அளவீடு செய்ய மெர்க்குரி கோபால்ட் தயோசயனேட்டு என்ற நீலப் பொடி வைத்திருந்தார்கள். அதன் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்ற அளவு, நன்றாக அளந்து நிறுவப்பட்டது.

எனக்குக் கொடுத்தவை மாங்கனீசு அம்மோனியம் சல்பேட்டும் கோபால்ட் அம்மோனியம் சல்பேட்டும். இரண்டும் ஒரே படிக அமைப்பு, இரண்டிலும் உலோக அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள். மாங்கனீசுக்கு 5.9-ஐ ஒட்டி வந்தது. கோபால்ட்டுக்கு 5-ஐ ஒட்டி வந்தது. அப்படியே எழுதி வைத்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார். "ஏம்மா, கோபால்ட்டுக்கு மூணு தனி எலக்ட்ரான். 3.87 வரணும். நீ அஞ்சுன்னு எழுதியிருக்கே. ஒழுங்கா தட்டலையா?" என்றார்.

"சார், அதே டியூப், அதே தராசுதான். மாங்கனீசுக்கு 5.9 சரியா வந்திருக்கு. நான் நிரப்பினது தப்புன்னா அதுவும் தப்பா வந்திருக்கணுமே சார்?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "திரும்பப் போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன், மறுபடியும் 5-ஐ ஒட்டித்தான் வந்தது. பக்கத்து மேசைப் பெண் ஏற்கெனவே தன் தாளில் 3.9 என்று மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு வீட்டில் ஆயிரம் நெருக்கடி. நான் மாற்றவில்லை. மதிப்பெண் குறைந்தது. அது இன்றும் என் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "ஒரு தேர்வாளரை வைத்து எல்லாரையும் எடை போடாதீர்கள்" என்று யாராவது எழுதுவார்கள். எடை போடவில்லை. எனக்குப் பாடம் எடுத்த மேடம் தேர்வு முடிந்தபின் என்னை அழைத்து, "நீ எழுதினதுதான் சரி" என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். இனி நான் எழுதப்போவது அவர் அன்று சொன்னதுதான்.

தனியாக இருக்கும் அயனியில் ஐந்து டி ஆர்பிட்டால்களுக்கும் (எலக்ட்ரான்கள் குடியிருக்கும் இடங்கள்) ஒரே ஆற்றல். ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாக (மேலே, கீழே, நான்கு பக்கமும்) சூழ்ந்தவுடன் அவை இரண்டாகப் பிரிகின்றன, கீழே மூன்று, மேலே இரண்டு. ஹான்ஸ் பெத்தே 1929-இல் கொடுத்த படிகப்புலக் கொள்கை இது. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றி வருவதாகக் கொள்ள வேண்டுமானால், அது இருக்கும் ஆர்பிட்டாலைத் திருப்பினால் அதே ஆற்றலுள்ள இன்னொரு ஆர்பிட்டால் கிடைக்க வேண்டும். அங்கே அதே சுழற்சியுடைய எலக்ட்ரான் ஏற்கெனவே இருக்கவும் கூடாது. ஒரே வாடகையில் அடுத்தடுத்து மூன்று வீடுகள், அதில் ஒன்றாவது காலியாக இருந்தால்தான் குடிமாற முடியும் என்பதுபோல.

மாங்கனீசு +2-இல் ஐந்து எலக்ட்ரான்கள் ஐந்து ஆர்பிட்டால்களிலும் ஒரே சுழற்சியில் இருக்கின்றன. காலி இடம் இல்லை, சுற்றுவதால் வரும் பங்கும் இல்லை. ஆகவே 5.92 அப்படியே வருகிறது. குரோமியம் +3-இல் கீழ் மூன்றிலும் ஒவ்வொன்று, அங்கும் நகர வழியில்லை, 3.87-ஐ ஒட்டியே வரும். கோபால்ட் +2-இல் ஏழு எலக்ட்ரான்கள், கீழ் மூன்றில் ஐந்து, மேல் இரண்டில் இரண்டு. கீழே ஒரு இடம் காலி. அந்தக் காலியிடம் மூன்று ஆர்பிட்டால்களிலும் சுற்றி வர முடிகிறது. அந்தச் சுற்றின் காந்தம் தற்சுழற்சியின் காந்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. 3.87 இருக்க வேண்டிய இடத்தில் 5 வருவது அதனால்தான். இரும்பு +2-க்கு 4.90 எதிர்பார்த்து 5.3, 5.5 வருவதும் இதே காரணத்தால். நிக்கலிலும் தாமிரத்திலும் சற்றே கூடுவது இன்னொரு வழியில் நடக்கிறது. மேலேயுள்ள கிளர்வு நிலைகளின் கலப்பு கொஞ்சம் உள்ளே நுழைகிறது. இயற்பியல் படித்தவர்கள் வந்து "சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பை விட்டுவிட்டீர்களே" என்று கேட்க வேண்டாம். தெரியும், பிளஸ் டூ பிள்ளைக்கு எழுதுகிறேன்.

இந்த வித்தியாசத்தால் வேதியியலாளருக்கு லாபமும் உண்டு. நீரிலுள்ள இளஞ்சிவப்புக் கோபால்ட் எண்முகி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் வரும் நீலம் நான்முகி, சுற்றி ஆறு இல்லை, நான்குதான். நான்முகியில் மட்டங்கள் தலைகீழாகின்றன, மேல் மூன்றில் மூன்றே எலக்ட்ரான்கள், நேரடிச் சுற்று கிடையாது, நிக்கலில் சொன்ன கலப்பு மட்டும் உண்டு. ஆகவே திருப்புத்திறன் 4.4 முதல் 4.8 வரை குறைந்துவிடும். அட்டவணையில் 4.4 முதல் 5.2 வரை என்று இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்களே, அது அளக்கத் தெரியாததால் வந்த இடைவெளி என்று நினைக்காதீர்கள். கோபால்ட் எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது.

நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 3டி அயனிகளில் (மாங்கனீசு, கோபால்ட் போன்றவை) தற்சுழற்சி மட்டும் போதும் என்ற எண்ணத்தை 1920களின் பிற்பகுதியில் முன்வைத்தவர்களில் கல்கத்தாவின் டி. எம். போஸ் முக்கியமானவர். அதற்குப் போஸ்–ஸ்டோனர் கொள்கை என்றே பெயர் உண்டு. அது எங்கே பொருந்தாது என்று படிகம் படிகமாக அளந்தவர்களில் ஒருவர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு அந்தக் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் ஆய்வக விளக்குநராக இருந்தவர். ராமனோடு சேர்த்துத்தான் அவர் பெயரைச் சொல்கிறோம், அதோடு நிறுத்திவிடுகிறோம். 1928 இறுதியில் டாக்கா போனபின் அவர் செய்தது படிகங்களின் காந்தப் பண்பு. ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் வைத்து, இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து, திசைக்குத் திசை காந்த ஏற்புத்திறன் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். பானர்ஜி முதலியவர்களோடு சேர்ந்து இடைநிலைத் தனிம உப்புகளை இப்படி அளந்தார். மாங்கனீசு உப்புகளில் திசை வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம், கோபால்ட் உப்புகளில் மிக அதிகம். எலக்ட்ரான் சுற்றுகிற இடத்தில் திசை முக்கியமாகிறது, சுற்றாத இடத்தில் இல்லை. என் தேர்வு மேசையில் இருந்த இரண்டு உப்புகளும் அவர் அளந்த வகையைச் சேர்ந்தவைதான். இது தெரிந்திருந்தால் அன்று தேர்வாளரிடம் வத்திராயிருப்பு என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே வாதாடியிருப்பேன்.

"இதெல்லாம் இயற்பியல், வேதியியலுக்கு எதற்கு" என்பவர்களுக்கு: இணையாகாத எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் வேதிப் பண்பும் மாறுகிறது. பச்சை நிற ஃபெரஸ் சல்பேட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பச்சை வீழ்படிவு வரும். அதே இரும்பு +2 தான் பொட்டாசியம் ஃபெரோசயனைடிலும் இருக்கிறது, அங்கே விட்டுப் பாருங்கள், ஒன்றும் வராது. முதலாவதில் நான்கு இணையாகாத எலக்ட்ரான்கள். இரண்டாவதில் ஆறும் ஜோடி சேர்ந்துவிட்டன, டயாகாந்தம், சயனைடு இரும்பை விடுவதாக இல்லை. கோபால்ட் +3 வெறும் நீரில் நிற்காது, நீரையே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தின் அளவு) 1.8 வோல்ட்டுக்கு மேல். அம்மோனியா சூழ்ந்தால் அதே மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். கோபால்ட் +2-ஐக் காற்றே +3 ஆக்கிவிடும். கரித்தூள் போட்டுக் காற்றைக் குமிழியிட்டு ஆரஞ்சு நிறப் படிகம் எடுத்திருக்கிறோம், அது கூய் தராசில் எடை குறைந்து காட்டும். ஆறு எலக்ட்ரான்களும் கீழ் மூன்றில் ஜோடியாக அடங்கிய நிலைத்தன்மை அதற்கு ஒரு முக்கியக் காரணம். முழுக் காரணமும் அதுவே என்று நான் சொல்லவில்லை.

உடம்புக்குள்ளும் இது நடக்கிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936-இல் இரத்தத்தைக் காந்தத் தராசில் வைத்தார்கள். ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபினில் ஒவ்வொரு இரும்புக்கும் நான்கு இணையாகாத எலக்ட்ரான்கள், பாராகாந்தம். ஆக்சிஜன் ஏறியபின் ஒன்றுகூட இல்லை, டயாகாந்தம். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் 1990-இல் செய்ஜி ஒகாவா, எம்ஆர்ஐ படத்தில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கலாம் என்று காட்டினார். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று இன்று வண்ணத்தில் காட்டும் படங்கள் அதிலிருந்து வந்தவை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, கேள்விக்குத் தொடர்பில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா ஓய்வூதியப் பணத்தில் காந்தப் படுக்கை வாங்கினார். சங்கிலி வியாபாரம், ஆள் சேர்த்தால் கமிஷன். "இரத்தத்தில் இரும்பு இருக்கு, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும்" என்று திருமண மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இரத்தத்தில் இருப்பது இரும்பு ஆணி கிடையாது. புரதத்துக்குள் தனித்தனியாகச் சிறைப்பட்ட அயனி அது, தமனியில் ஓடும்போது பெரும்பாலும் டயாகாந்தம். மருத்துவமனையில் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா எம்ஆர்ஐ-க்குள் அரை மணி நேரம் படுத்து வருகிறோம், இரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடவில்லையே. நான் வீட்டில் இதைச் சொன்னபோது "நீ வாத்தியார் வேலையைப் பாரு" என்றார்கள். சித்தப்பா சேர்த்துவிட்ட உறவினர்கள் இன்றும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். பொதுத்தேர்வில் "காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிடுக" என்று வந்தால் சூத்திரத்தைப் போட்டு 3.87 என்றே எழுதுங்கள். அங்கே கேட்பது தற்சுழற்சி மதிப்பைத்தான். "என்னால் மதிப்பெண் போனது" என்று பிறகு யாரும் என்னிடம் வர வேண்டாம். "சோதனை மதிப்பு வேறுபடுவது ஏன்" என்று வந்தால் சுற்றுப்பாதையின் பங்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் கூய் தராசு தேவையில்லை. ஒரு வலுவான நியோடைமியம் காந்தம் வாங்குங்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு, மாங்கனீசு சல்பேட்டை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, மூடி, நீளமான நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோனால் குப்பி நகர்ந்து வரும். கோபால்ட் உப்பை எடுப்பதானால் கையுறை வேண்டும், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பக்கத்தில் துத்தநாக சல்பேட்டுக் குப்பி ஒன்றையும் அதே நீள நூலில் கட்டி வையுங்கள். துத்தநாகத்தில் இணையாகாத எலக்ட்ரான் இல்லாததால் அது வராது. மாங்கனீசு வந்தது காற்றாலோ கை பட்டதாலோ இல்லை என்று யார் கேட்டாலும் அதைக் காட்டலாம்.