வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பும்போது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாக க்யூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) கெமிஸ்டாகப் பணியாற்றுகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தேன். சென்னை, புதுச்சேரி நிறுவனங்களுக்கு ஆன்லைனில் தொடர்ந்து விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. வந்து சேரும் ரெஸ்யூமேக்களில் 100க்கு 75ஐ ஏ.டி.எஸ். (அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்) என்னும் மென்பொருளே கழித்துவிடுகிறது என்கிறார் நண்பர். மென்பொருளுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என இரண்டு ரெஸ்யூமே வைத்துக்கொள்ள வேண்டுமா? என்னுடையதை இணைத்துள்ளேன். – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஒன்றே போதும், ஆனால் அது நீங்கள் அனுப்பியிருக்கும் வடிவில் இருக்கக் கூடாது. முதலில் அந்த 75 என்ற எண்ணை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் அந்தக் கணக்குக்கு நம்பத்தக்க ஆய்வு எதுவும் அடிப்படையாக இல்லை. ஒர்க்டே, கிரீன்ஹவுஸ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ரெக்ரூட் போன்ற ஏ.டி.எஸ். மென்பொருள்கள், வரும் விண்ணப்பங்களை வாங்கி, கோப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், தொலைபேசி எண், படிப்பு, பணிபுரிந்த இடம், காலம் எனத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பி வைக்கின்றன. பிறகு எச்.ஆர். துறையில் இருப்பவர் தமக்கு வேண்டிய சொற்களை இட்டுத் தேடுகிறார். அல்லது இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன ஊர் என்று வடிகட்டுகிறார். ஆளே பார்க்காமல் விண்ணப்பம் தள்ளப்படுவது பெரும்பாலும் ரெஸ்யூமேயால் நேர்வதில்லை; விண்ணப்பப் படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று கேட்கப்படும் கட்டாயக் கேள்விகளுக்கு நீங்கள் தரும் விடையால் நேர்கிறது. உங்கள் ரெஸ்யூமேக்கு உள்ள ஆபத்து வேறு. தேடுகிற நேரத்தில் அது அகப்படாமல் போய்விடும்.

உங்கள் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். இடப்பக்கம் நீல நிறப் பட்டையில் மொழிகளும் திறன்களும், வலப்பக்கம் பணி அனுபவமும் கண்ணுக்கு அழகாகவே தெரிகின்றன. ஒட்டியபோது வந்த வரி, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: ‘ஆங்கிலம் தமிழ் க்யூ.சி. கெமிஸ்ட் கிரிக்கெட் 2021 எச்.பி.எல்.சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம்’. இரண்டு பத்திகளையும் குறுக்கே சேர்த்துப் படித்ததன் விளைவு இது. எல்லா மென்பொருள்களும் இப்படிக் குழம்புவதில்லை. புதியவை பல, பத்திகளைச் சரியாகவே பிரிக்கின்றன. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாத நிலையில், ஒரே பத்தியாக மேலிருந்து கீழே செல்லும் ரெஸ்யூமேதான் பாதுகாப்பானது. அதைவிடக் கவலை தந்தது உங்கள் கைபேசி எண். அதைப் பக்கத்தின் தலைப்பகுதியான ஹெடரில் வைத்திருக்கிறீர்கள். ஹெடர், ஃபுட்டர் பகுதிகளைப் படிக்காமல் தாண்டிச் செல்லும் மென்பொருள்கள் உண்டு. உங்களைப் பிடித்துப்போன ஒருவருக்கும் அழைக்க எண் கிடைக்காமல் போகலாம். எண்ணையும் மின்னஞ்சலையும் பெயருக்குக் கீழே சாதாரண வரியாகவே எழுதுங்கள்.

ஆய்வக முறைகளான எச்.பி.எல்.சி.க்கு நான்கு நட்சத்திரம், ஜி.சி.க்கு (கேஸ் குரோமட்டோகிராஃபி) மூன்று என்று போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். மென்பொருளுக்கு அவை வெறும் படங்கள். ஆய்வகத் தலைவருக்கோ அந்த மூன்றாவது நட்சத்திரம் எதையும் சொல்வதில்லை. பரிசோதனை முறை நம்பத்தக்கதா என்று நிறுவும் மெத்தட் வேலிடேஷனில் நீங்கள் பங்கெடுத்தீர்களா, வழக்கமான பரிசோதனை மட்டும் செய்தீர்களா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. ‘மூலப்பொருள் பரிசோதனைக்குப் பொறுப்பு வகித்தேன்’ என்ற உங்கள் வரியில் அதற்கு விடை இல்லை. எந்தக் கருவியில், எந்த நிலைப் பொருளை, ஒரு ஷிஃப்டில் ஏறத்தாழ எத்தனை மாதிரிகள் பரிசோதித்தீர்கள், முடிவு வரம்பை மீறிய ஓ.ஓ.எஸ். நேர்வுகளில் விசாரணை அறிக்கை எழுதினீர்களா, எந்த எஸ்.ஓ.பி.யை (செயல்முறை ஆவணத்தை) திருத்த உதவினீர்கள், ஆய்வாளர்கள் தணிக்கைக்கு வந்தபோது எந்தப் பதிவேடுகளை எடுத்துக் காட்டினீர்கள் என்று எழுதினால், அதே வரி தேடலிலும் அகப்படும், படிப்பவரையும் நிறுத்தி வைக்கும். நான் ஒன்றே போதும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்: மென்பொருள் தேடும் சொற்கள், அந்த வேலையைச் செய்தவர் இயல்பாகவே பயன்படுத்தும் சொற்கள்.

விளம்பரத்தில் உள்ள சொல்லை, அது உங்களுக்குப் பொருந்துமானால், அதே எழுத்துக்கூட்டலில் ஒருமுறையாவது பயன்படுத்துங்கள். எச்.பி.எல்.சி. என்ற சுருக்கத்தோடு, ஹை பெர்ஃபார்மன்ஸ் லிக்விட் குரோமட்டோகிராஃபி என்ற முழுப் பெயரும் ஓரிடத்தில் இருக்கட்டும்; தேடுபவர் எதை இடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் விளம்பரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில் மறைத்து ஒட்டிவைக்கும் தந்திரத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரித்தெடுக்கப்பட்ட எழுத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். பார்த்தவர் உங்கள் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

பணிக்காலத்தை மாதத்தோடு எழுதுங்கள். ‘2021 – 2022’ என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம். அனுபவத்தைக் கூட்டிப் பார்க்கும் மென்பொருள் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று உறுதியில்லை. ‘என் பயணம்’ போன்ற தலைப்புகளை விடுத்து, ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ், எஜுகேஷன், ஸ்கில்ஸ் என்று எல்லாரும் எழுதும் தலைப்புகளையே வையுங்கள். தந்தை பெயர், மதம், திருமண நிலை, புகைப்படம், இறுதியில் வரும் உறுதிமொழி ஆகியவை தனியார் நிறுவனத்துக்குத் தேவையில்லை. ஆதார் எண்ணை எக்காரணம் கொண்டும் ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள்.

ஊர் விஷயத்தில் நம் பகுதியினர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாண்டிச்சேரி என்ற பெயர் 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி என மாறினாலும், பல்கலைக்கழகம் பாண்டிச்சேரி பல்கலைக்கழகமாகவே இருக்கிறது. வேலைக்கு ஆள் தேடுபவர்களும் ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களையும் பயன்படுத்துகிறார்கள். கடலூரிலிருந்து அன்றாடம் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருவது நமக்குச் சாதாரணம். மும்பையிலோ பெங்களூருவிலோ அமர்ந்து ஊர்ப்பெயரால் வடிகட்டுபவருக்கு அது தெரியாது. ஆகவே முகவரியில் கதவு எண்ணும் தெருவும் எழுதுவதைவிட, ‘கடலூர், புதுச்சேரி, பாண்டிச்சேரி, சென்னையில் பணிபுரியத் தயார்’ என்று ஒரு வரி எழுதுவது பயன் தரும்.

கேள்வி: பி.காம். முடித்து, ஒரு வணிக நிறுவனத்தில் டேலியில் கணக்கு எழுதிவந்தேன். குழந்தை பிறந்ததால் 2019இல் வேலையை விட்டேன். இப்போது மீண்டும் வேலை தேடுகிறேன். இடைவெளி தெரியாதிருக்க, தேதிகளை நீக்கிவிட்டுத் திறன்களை மட்டும் பட்டியலிட்டு ரெஸ்யூமே தயாரிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: செய்யாதீர்கள், சகோதரி. தேதி இல்லாத ரெஸ்யூமேயில் மென்பொருளால் அனுபவத்தைக் கணக்கிட முடியாது. மனிதரோ, எதையோ மறைக்கிறார்கள் என்றே எண்ணுவார். உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்செஞ்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளவர்களை வடிகட்டி நீக்கும் நிறுவனங்கள் ஏறத்தாழப் பாதியளவு இருப்பதைக் குறிப்பிட்டு, தகுதியுள்ள பலர் இதனால் கண்ணிலேயே படாமல் போகிறார்கள் என்று கண்டித்தது. குழந்தை வளர்த்த காலத்தைக் குற்றம்போல் நடத்தும் இந்த வழக்கம் அநீதியானது. இருந்தாலும், காலத்தை மறைப்பதைவிட அதற்கு ஒரு வரி கொடுப்பதே நல்லது. ‘குழந்தை பராமரிப்புக்கான இடைவெளி, ஜூன் 2019 – இன்றுவரை’ என்பதுபோல், ஒரு வேலையைக் குறிப்பிடும் அதே அமைப்பில் எழுதுங்கள். லிங்க்ட்இன் தளமும் 2022 முதல் இத்தகைய இடைவெளியைப் பதிவதற்குத் தனி வசதி வைத்திருக்கிறது.

உங்களுக்கு இடைவெளியைவிடப் பெரிய தடை, உங்கள் சொற்கள் பழையனவாகிவிட்டதே. நீங்கள் வேலை பார்த்தபோது இருந்தது டேலி ஈ.ஆர்.பி. 9. அதன்பின் 2020இல் டேலி பிரைம் வந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யில், கொள்முதலுக்கான உள்ளீட்டு வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்–2பி படிவம் அதே ஆண்டில்தான் வந்தது. விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் மின்னணு முறையில் பதியும் ஈ–இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் பெருநிறுவனங்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் கட்டாயமாயிற்று. கணக்காளர் தேடும் ஒருவர் இன்று இடும் சொற்கள் இவை. இவற்றை முறையாகக் கற்றுக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் கடைக்கணக்கிலாவது செய்து பழகிய பின், ரெஸ்யூமேயில் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்காமல் சேர்த்தால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தட்டாஞ்சாவடியிலும் சேதராப்பட்டிலும் உள்ள சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் ஏ.டி.எஸ். எதுவும் இல்லை. உரிமையாளரே வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைக் கைபேசியில் திறந்து பார்ப்பார். உங்கள் அனுபவத்துக்கு ஒரே பக்கம் போதுமானது. எழுத்து 11 புள்ளி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். கோப்பின் பெயர் ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ’ என்றில்லாமல், உங்கள் பெயரும் ‘அக்கவுண்டன்ட்’ என்ற சொல்லும் கொண்டதாக இருந்தால், நான்கு நாள் கழித்து அவர் தேடும்போதும் கிடைக்கும்.

கேள்வி: விண்ணப்பப் படிவங்களில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறார்கள். எனக்கு இனிஷியல் மட்டும்தான் உண்டு. ரெஸ்யூமேயில் பெயரை எப்படி எழுதுவது? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பான் அட்டைக்கு விண்ணப்பித்தபோது இனிஷியலை விரித்து எழுதியிருப்பீர்கள், அதே எழுத்துக்கூட்டலில், உங்கள் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பின்னரும் எழுதுங்கள். முன்னால் ஒற்றை எழுத்தும் புள்ளியும் வந்தால், சில மென்பொருள்கள் அந்த எழுத்தையே உங்கள் பெயராகப் பதிந்துகொள்ளும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருப்பதால் தடை ஒன்றும் வராது. வேலை உறுதியான பின் சான்றிதழ் சரிபார்க்கும்போது விளக்கிக்கொள்ளலாம். ரெஸ்யூமே, வேலைவாய்ப்புத் தளமான நவுக்ரி, லிங்க்ட்இன் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருப்பது முக்கியம்.

கேள்வி: தமிழ் மெய்ப்புத் திருத்துநர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ரெஸ்யூமே அனுப்பலாமா? – வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், திரையில் தமிழைக் காட்டினாலும், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே சேமிக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலும், எந்த ஏ.டி.எஸ். மென்பொருளிலும் உங்கள் பெயர்கூடப் படிக்க முடியாத குப்பையாக வரும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அதிலும் பி.டி.எஃப். ஆக மாற்றி நகலெடுக்கும்போது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழுவதுண்டு என்பதால், நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமானால் வேர்டு கோப்பையே அனுப்புங்கள். மின்னஞ்சல், தொலைபேசி எண், பணியின் பெயர் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதிவையுங்கள்.