ஏற்காட்டில் வாங்கிய ஃபூஷியா செடி சேலத்தில் ஏன் மொட்டு உதிர்க்கிறது?

நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றியும் மொட்டு கொட்டுகிறது என்கிறீர்கள். குற்றம் உங்கள் மேல் இல்லை, சேலத்து வெக்கையின் மேல்; குறிப்பாக இரவு வெக்கை.

ஃபூஷியா இனங்களில் பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்க மலைகளின் மேகக் காடுகளைச் சேர்ந்தவை. அங்கே பகல் மிதமாக இருக்கும், இரவு நன்றாகக் குளிரும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; சேலம் 300 மீட்டர்கூட இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் செடிக்கு அது வேறு நாடு.

பூவை உற்றுப் பாருங்கள். மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும். சிவப்பாக மேல்நோக்கி மடங்கியிருப்பவை புல்லி இதழ்கள்; உள்ளே ஊதாப் பாவாடை மாதிரி இருப்பவைதான் அல்லி இதழ்கள். அதற்கும் கீழே மகரந்தத் தாள்கள் நீண்டு தொங்கும். உட்கார இடமே கிடையாது. அந்தரத்தில் சிறகடித்தபடி தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைக்கான ஏற்பாடு இது. நம்மூர் தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும்.

சரி, செடிக்கு வருவோம். காலை வெயில் மட்டும் படட்டும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி சூடேறி வேரை வதக்கும், மண் தொட்டிக்கு மாற்றுங்கள். மேல்மண் விரலுக்குக் காய்ந்து பட்டால் மட்டும் தண்ணீர். மத்தியானம் இலை தொங்குகிறதே என்று ஈர மண்ணிலேயே மறுபடி ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். வெக்கையில் தொங்கிய இலை பொழுது சாய்ந்ததும் தானாக நிமிரும்.

ஏப்ரல், மேயில் பூவை மறந்துவிட்டுச் செடியைக் காப்பாற்றப் பாருங்கள். மார்கழிக் குளிரில் பூக்க வாய்ப்புண்டு. வருஷம் முழுக்கப் பூ வேண்டுமென்றால், என்னைக் கேட்டால், செம்பருத்தி வையுங்கள்.