ஒரே கட்டளையில் ப்ரோகிராம் கோடு வந்துவிட்டால், பொண்ணுக்கு வேலை?

பெரம்பூரிலிருந்து வந்து பேசிவிட்டுப் போன அம்மாவுக்கு,

சிறுசேரியில் இன்டர்ன்ஷிப் போன இடத்தில் ஒரு கட்டளை அடித்ததும் ஃபோல்டர் ஃபோல்டராகக் கோடு கொட்டியதைப் பார்த்துவிட்டு, "நாலு வருஷம் எதுக்குப் படிக்கிறேன்" என்று உங்கள் பொண்ணு அழுதாள் என்றீர்கள். அவள் பார்த்தது ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டராக இருக்கும். அது நேற்று முளைத்த ஏஐ இல்லை. 2018-இல் ஸ்வாகர் கோட்ஜென் என்ற பழைய கோடு எழுதும் கருவியிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். அதற்குப் பிறகும் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கச் சொல்வோமே, அதே கதைதான். ஒரு சர்வரிடம் எதை எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும் என்பதை ஒரு யாமல் ஃபைலில் எழுதிவைப்பார்கள். அதுதான் அளவு. ஜெனரேட்டர் அதைப் பார்த்து ஜாவாவிலோ பைத்தானிலோ தைத்துத் தருகிறது. அளவு தப்பென்றால் கை ஏறாது. தையல் மெஷினைத் திட்டி என்ன பயன்?

அளவு தப்பாகும் இடங்கள்தான் அவளுக்குச் சோறு போடும். சர்வரிடம் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் யாமலில் வைக்கும் பெயரான ஆபரேஷன் ஐடியைக் கொடுக்காமல் விட்டால், ஃபங்ஷனுக்கு மெஷினே வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்துவிடும். ஒரு மதிப்பு காலியாக வரலாம் என்று சொல்ல யாமலை எழுதும் விதிமுறையான ஓப்பன்ஏபிஐயின் 3.0 பதிப்பில் 'நல்லபிள்' என்றொரு குறிப்பு (நம் நல்லபிள்ளை இல்லை). 2021-இல் வந்த 3.1-இல் அதையே எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் பதிப்பை மாற்றினால், ஓடிக்கொண்டிருந்த ஆப் காலி மதிப்பு வந்ததும் கவிழலாம். ஏன் கவிழ்ந்தது என்று கண்டுபிடிக்க, அந்த யாமலை வரி வரியாக வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

கோர்ஸுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள் என்றீர்களே, கட்டாதீர்கள். பெட்ஸ்டோர் என்று ஸ்வாகர்காரர்களின் மாதிரி ஃபைல் சும்மாவே கிடைக்கிறது. அதில் செல்லப்பிராணியின் பெயர் கட்டாயம். முதலில் அப்படியே கோடு எடுக்கட்டும். பிறகு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டு மறுபடி எடுத்து, எந்தெந்த வரி மாறியது என்று கிட்டில் (கோடில் நடந்த மாற்றங்களைக் காட்டும் மென்பொருள்) பார்க்கட்டும். மூன்றாவதாக, வந்த கோடிலேயே கைவைத்து ஏதாவது திருத்திவிட்டு இன்னொரு தரம் ஓட்டட்டும். திருத்தியதெல்லாம் அழிந்துபோயிருக்கும். ஒரு தரம் அப்படிப் பறிகொடுத்தால்தான், தன் கோடைத் தனி ஃபைலில் வைக்கும் பழக்கம் வரும். நான் சொல்லி வராது.

இன்டர்வியூவில் "ஜெனரேட்டர் ஓட்டத் தெரியுமா" என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். இந்த மூன்றையும் சொல்லட்டும்.

ஜாவாவா பைத்தானா என்ற உங்கள் கேள்விக்கு: கல்லூரியில் எதை நடத்துகிறார்களோ அதுவே போதும். அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள். லேப்டாப்பும் சார்ஜரும் மறக்க வேண்டாம்.