தள்ளியதா, இழுத்ததா?

வணக்கம் சார்,

60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டு ஒன்றை வைத்துக் கை சைகைகளை அடையாளம் காணும் ப்ராஜெக்ட் செய்கிறேன். தள்ளுவது, இழுப்பது, இடப்பக்கம் வீசுவது, வலப்பக்கம் வீசுவது, விரல்களைத் தேய்ப்பது என்று ஐந்து சைகைகள். எட்டு நண்பர்களிடம் பதிவு செய்தேன். டேட்டா போதவில்லை என்பதால் ஸ்பெக்ட்ரோகிராம் படங்களை (கையின் வேகம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படங்கள்) திருப்பி, சாய்த்து, இரைச்சல் சேர்த்துப் பத்து மடங்காக்கினேன். டெஸ்டில் 98 சதவீதம் வந்தது. ஆனால் புதிதாக ஒருவர் கையை நீட்டினால் பாதிக்குப் பாதி தப்பு. முக்கியமாக, தள்ளுவதை இழுப்பது என்கிறது. ஜெனரேட்டிவ் மாடல் ஒன்றை வைத்து இன்னும் டேட்டா உருவாக்கினால் சரியாகுமா?

எம்.

அன்புள்ள எம்,

ஜெனரேட்டிவ் மாடலைக் கடைசியில் பார்ப்போம். தள்ளுவதும் இழுப்பதும் ஏன் குழம்புகிறது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. படங்களைத் திருப்பியிருக்கிறீர்கள்.

பூனைப் படத்தை எப்படித் திருப்பினாலும் பூனைதான். ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரு அச்சு நேரம், இன்னொன்று வேகம். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் கை நெருங்குகிறது, மறுபக்கம் விலகுகிறது. மேல்கீழாகத் திருப்பினால் தள்ளுவது இழுப்பதாகிவிடும். இடவலமாகத் திருப்பினாலும் தப்பிக்க முடியாது. தள்ளிய கையை யாரும் அந்தரத்தில் விட்டுவைப்பதில்லை, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதாவது முதலில் நெருங்கல், பிறகு விலகல். நேரத்தைப் புரட்டினால் முதலில் விலகல், பிறகு நெருங்கல். அது இழுக்கும் சைகைதானே? லேபிளை, அதாவது இது எந்தச் சைகை என்ற குறிப்பை, மாற்றாமல் விட்டிருந்தால் மாடலுக்கு நீங்களே பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். பாவம், அது நம்பிவிட்டது.

சாய்ப்பது இன்னும் மோசம். சுவர், மேசை போன்ற அசையாத பொருள்கள் எல்லாம் பூஜ்ய வேகக் கோட்டில் கிடக்கும். படத்தைச் சாய்த்தால் அந்தக் கோடும் சாயும். சுவர் வேகமெடுத்து உங்களை நோக்கி வருகிறது என்று அதற்கு அர்த்தம்.

இதனால் டேட்டாவைப் பெருக்கவே கூடாது என்றில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே கேள்விதான்: நிஜ உலகில் ஒரு கை என்ன செய்திருந்தால் ரேடாருக்கு இந்த சிக்னல் வந்திருக்கும்? அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்த மாற்றத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உதாரணமாக, வேகம். 60 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் கை 400 ஹெர்ட்ஸ் டாப்ளர் தரும், அதாவது திரும்பி வரும் அலையின் அதிர்வெண் அவ்வளவு மாறும். அதே சைகையை 25 சதவீதம் வேகமாகச் செய்தால் 500 ஹெர்ட்ஸ். ஆகவே நேர அச்சைச் சுருக்கும்போது வேக அச்சை அதே விகிதத்தில் நீட்ட வேண்டும். நேரத்தை மட்டும் சுருக்கினால் உங்களுக்குக் கிடைப்பது குறைந்த தூரம் தள்ளிய கை. அதுவும் நடக்கக்கூடியதுதான், ஆனால் நீங்கள் நினைத்தது அதுவல்லவே. இன்னொன்று: ரேடார் அளக்கக்கூடிய உச்ச வேகத்தைத் தாண்டினால் சிக்னல் மறுபக்கத்திலிருந்து, எதிர் வேகமாகத் தலைகாட்டும். படத்தை நீட்டி விளிம்பில் வெட்டினால் அது வராது.

தூரமும் அப்படித்தான். திரும்பி வரும் சிக்னலின் திறன் தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதம். 30 சென்டிமீட்டரில் பதிந்த கையை 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் திறன் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகும், இரைச்சல் குறையாது. தூரத்தைக் காட்டும் படத்தை மட்டும் நகர்த்தினால், தூரத்தில் இருந்தும் பளிச்சென்று தெரியும் கை கிடைக்கும். அப்படி ஒன்று எந்த ரேடாரிலும் வராது.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பின்னணியைக் கலப்பது. யாரும் சைகை செய்யாத நேரத்தில் மின்விசிறி ஓடுவதை, ஆள் நடப்பதை, பக்கத்தில் ஒருவர் டைப் அடிப்பதைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். அலைகள் ஒன்றோடொன்று கூடும் இயல்புடையவை என்பதால், கச்சா சிக்னல் அளவில் இரண்டையும் கூட்டினால் நிஜத்தில் வந்திருக்கக்கூடியதற்கு மிக நெருக்கமான ஒன்று கிடைக்கும். கை பின்னணியை மறைத்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் பிசகும், பரவாயில்லை. ஆனால் கூட்டலை எஃப்எஃப்டிக்கு (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) முன்னாலேயே செய்யுங்கள். டெசிபல் படத்தின் (திறனை மடக்கை அளவில் காட்டும் படம்) மேல் இரைச்சலைத் தெளிப்பது வேறு சமாச்சாரம். 2019-இல் கூகுள் தன் சோலி ரேடாரை பிக்சல் 4 போனில் வைத்தபோது, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் பதிந்த சைகைகளோடு, சாதாரண அசைவுகளை மட்டும் நூற்றுக்கணக்கான மணிநேரம் பதிந்து பயிற்சியில் சேர்த்தார்கள். ‘இது சைகை இல்லை’ என்பதையும் மாடல் படித்தாக வேண்டும்.

இடம், வலம் வீசுவதில் ஆன்டெனா வரிசையைக் கண்ணாடி போல மாற்றி, லேபிளையும் மாற்றினால் இலவசமாக இரட்டிப்பு டேட்டா. உங்கள் போர்டில் ஒரே ரிசீவர் என்றால் அதை மறந்துவிடுங்கள். ஒரே ஆன்டெனாவுக்கு இரண்டு வீச்சும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, அந்த 98. ஒரே பதிவின் பத்து நகல்களைக் குலுக்கிப் பிரித்தால் சில பயிற்சிக்கும் சில டெஸ்டுக்கும் போகும். விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்த மாதிரி. முதலில் ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஏழு பேரிடம் பயிற்சி, எட்டாமவரிடம் டெஸ்ட். இப்படி எட்டு சுற்று. பெருக்குவது அதற்கப்புறம், பயிற்சிப் பக்கத்தில் மட்டும். 98 என்ற எண் கீழே இறங்கும். புதியவர்களிடம் நீங்கள் பார்ப்பதற்கு அந்த எண்தான் பக்கத்தில் இருக்கும்.

இப்போது ஜெனரேட்டிவ் மாடல். எட்டுப் பேரின் கையைப் பார்த்துப் படித்தது ஒன்பதாவது கையை எங்கிருந்து கொண்டுவரும்? அந்த எட்டுக்கு இடைப்பட்டதைத்தான் தரும். அதற்குச் செலவிடும் நேரத்தில் இன்னும் ஐந்து பேரைப் பிடியுங்கள்: ஒரு குழந்தை, ஒரு இடதுகைக்காரர், நின்றுகொண்டு செய்பவர். ஆளே கிடைக்காவிட்டால், கை சைகை வீடியோக்களிலிருந்து மூட்டுகளின் பாதையை எடுத்து, ஒவ்வொரு மூட்டையும் அலையைத் திருப்பும் புள்ளியாகக் கொண்டு ரேடார் சிக்னலைக் கணக்கிடலாம். அங்கே அசைவு புதிய ஆட்களிடமிருந்து வருகிறது, அதுதான் லாபம்.

முதலில் எதையும் பெருக்காமல், ஆள்வாரியாகப் பிரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எது எதோடு குழம்புகிறது என்ற அட்டவணையை அனுப்புங்கள். விரல் தேய்ப்பதைப் பற்றி அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.