அப்பீலுக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மேல்முறையீடு பற்றியவை. பலர் அப்பீலை இரண்டாவது விசாரணை என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். கீழ் கோர்ட்டில் பதிவான சாட்சியமும் ஆவணங்களும்தான் மேல் கோர்ட்டின் கையில் இருக்கும். விட்டுப்போன சாட்சியை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். கூடுதல் சாட்சியம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

கேள்வி: தம்பிக்கு மோசடி வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட் 2 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்திருக்கிறது. விசாரணை முழுக்க ஜாமீனில்தான் இருந்தான். அரசு வேலையில் இருக்கிறான். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டாம். தண்டிக்கப்பட்டவர் மட்டும் அப்பீல் போட்டிருக்கும்போது அந்த அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட வேண்டும்.

அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், கெடு 30 நாள். ஜாமீனில் இருந்தவருக்கு 3 வருஷத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், அப்பீல் போடும் வரை அதே மாஜிஸ்திரேட்டே ஜாமீன் தரலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இது 430-வது பிரிவு, பழையதில் 389. தீர்ப்பு நாளன்றே மனுவும் ஜாமீன்தாரர்களும் தயாராக இருக்க வேண்டும். மனு கையில் இல்லாமல், ஜாமீன்தாரர் மாலைக்குள் வந்து சேராமல், அன்றிரவு சிறைக்குப் போனவர்கள் நிறையப் பேர். மாஜிஸ்திரேட் தரும் அவகாசம் முடிவதற்குள் செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை நிறுத்திவைப்பு உத்தரவு வாங்கிவிடுங்கள்.

சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாக உடனே தரப்பட வேண்டும். மற்ற வழக்குகளில் நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அது தயாரான நாள் வரை கெடுவில் கழியும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. கெடு முடிந்த பிறகு விண்ணப்பித்தாலும் பயனில்லை. நகலின் பின்பக்க முத்திரையில் இந்தத் தேதிகள் இருக்கும், அவற்றை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

செஷன்ஸ் நீதிபதி சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோடலாம், போடவும் வேண்டும். அதனால் அப்பீல் காரணங்களில் "தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது" என்ற வழக்கமான ஒற்றை வரியோடு நிற்காதீர்கள். "பணம் கொடுத்த தேதியை அ.சா.3 (அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி) முதல் விசாரணையில் ஒன்றாகவும் குறுக்கு விசாரணையில் வேறாகவும் சொல்கிறார், தீர்ப்பின் 14-வது பத்தி இதைத் தொடவே இல்லை" என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

வேலை விஷயம்தான் கவலைக்குரியது. தண்டனையை நிறுத்திவைத்தாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அதை வைத்தே துறை நடவடிக்கை எடுக்கலாம், அரசியலமைப்பின் 311-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. குற்றத்தீர்ப்பையும் நிறுத்திவைக்கக் கோரித் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். அரிதாகத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: செக் மோசடி வழக்கில் தண்டனை. அப்பீல் போட 20 சதவீதம் கட்டியே ஆக வேண்டுமா?

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 148-வது பிரிவுப்படி, அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தை டெபாசிட் செய்யச் சொல்லலாம். 60 நாளில் கட்ட வேண்டும், காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். இதுதான் பொதுவிதி. உண்மையிலேயே நியாயமற்ற சுமையாக இருக்கும் வழக்கில் விலக்குத் தரலாம் என்று 2023-இல் ஜம்பு பண்டாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலக்கு வேண்டுமென்றால் காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள், வாய்வார்த்தையில் கேட்டால் பதிவாகாது.

கேள்வி: என் மகளைத் தாக்கியவரை விடுதலை செய்துவிட்டார்கள். அரசு அப்பீல் போடவில்லை. நாங்கள் போடலாமா?

போடலாம். பாதிக்கப்பட்டவருக்கு 2009 டிசம்பர் 31 முதல் இந்த உரிமை இருக்கிறது. முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விடுதலையை எதிர்த்தோ, குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாதென்றோ போடலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்கு மட்டும் முடியாது, அதை அரசுதான் செய்ய வேண்டும். தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடுதலைத் தீர்ப்பை உடைப்பது கடினம். சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்து, கீழ் கோர்ட் எடுத்தது அதில் ஏற்கத்தக்க ஒரு பார்வை என்றால், மேல் கோர்ட் தலையிடாது. மருத்துவச் சான்றைப் படிக்காமல் விட்டது, நேரடி சாட்சியைக் காரணமே சொல்லாமல் தள்ளியது போன்ற ஓட்டை தீர்ப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 2022-இல் பவர் பிரஸ்ஸில் வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. அப்போது வயது 35, சம்பளம் 18,000. தொழிலாளர் துணை ஆணையர் இழப்பீடு கொடுத்து உத்தரவு போட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறது. பணம் வருமா? கூடுதலாகக் கேட்கலாமா?

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தாலும், உங்களுக்கு விபத்து நாளில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரைதான். அதில் 60 சதவீதம் 9,000. வயது 35-க்கான காரணி (வயதுக்கேற்பச் சட்ட அட்டவணை தரும் பெருக்கல் எண்) 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். ஒரு கையின் மூன்று விரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதவீதம், ஆக 5,32,062 ரூபாய்.

அடுத்தது வட்டி. இழப்பீடு விபத்து நாளிலேயே கொடுபடத் தக்கதாகிறது, ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம். பல உத்தரவுகளில் "உத்தரவு தேதியிலிருந்து வட்டி" என்று தவறாக எழுதிவிடுகிறார்கள். உங்கள் தொகைக்கு ஒரு வருஷ வட்டியே சுமார் 63,850 ரூபாய். மூன்று வருஷம் விட்டுப்போனால் 1,90,000-க்கு மேல் நஷ்டம். உத்தரவின் கடைசிப் பத்தியை இதற்காகவே ஒருமுறை படியுங்கள்.

கம்பெனியின் அப்பீலைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு ஹைகோர்ட்டுக்கு மிகக் குறுகிய வாசலைத்தான் திறந்துவிட்டிருக்கிறது. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் விசாரிக்க முடியும். டாக்டர் சொன்ன ஊனச் சதவீதம் அதிகம், சம்பளத்துக்கு ரசீது போதாது என்பதெல்லாம் உண்மை பற்றிய வாதங்கள். ஆணையர் அவற்றை ஆதாரத்தோடு முடிவு செய்திருந்தால் கோர்ட் மறுபடி எடைபோடாது. தவறான காரணி, தவறான வட்டித் தேதி, ஆதாரமே இல்லாத முடிவு, விபத்து நாளில் பாலிசி நடப்பில் இல்லாதது போன்றவைதான் சட்டப் பிரச்சினை.

முதலாளி தரப்பு அப்பீல் போடும்போது முழுத்தொகையையும் ஆணையரிடம் டெபாசிட் செய்து, அவருடைய சான்றிதழை இணைக்க வேண்டும். அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்பதே தடை உத்தரவு ஆகிவிடாது. ஹைகோர்ட் தடை கொடுத்திருக்கிறதா என்று வழக்கு எண்ணை வைத்துப் பாருங்கள். தடை இல்லையென்றால் தொகையை எடுக்க ஆணையரிடம் மனுப் போடுங்கள். தடை இருந்தால், ஒரு பகுதியையாவது எடுக்க அனுமதி கேட்டு ஹைகோர்ட்டில் மனுப் போடுங்கள்.

கூடுதலாகக் கேட்க நீங்களே 60 நாளுக்குள் தனி அப்பீல் போடுவதுதான் நிச்சயமான வழி. கம்பெனியின் அப்பீலில் பதில் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்களிடம் நல்ல சட்ட வாதம் ஒன்றும் இருக்கலாம். விபத்தின்போது செய்யக்கூடியவராக இருந்த எந்த வேலையையும் இனிச் செய்ய முடியாது என்றால், அது முழு ஊனம். இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று 100 சதவீதம் கொடுத்ததை 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அந்த வாதத்துக்கான சாட்சியம் ஆணையர் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

ஆணையர் அபராதமும் விதித்திருந்தால் அதை இன்சூரன்ஸ் கம்பெனி தராது, முதலாளியிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும்.

கேள்வி: எனக்குத் தெரியாமலே என் கணவர் எக்ஸ்பார்ட்டி (ஒருதரப்பு) விவாகரத்து வாங்கிவிட்டார். சம்மன் வரவே இல்லை. அவருக்கு மறுமணம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வழி உண்டு. தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனு ஒன்று. சம்மன் முறையாக உங்களிடம் சேர்க்கப்படவில்லையென்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். மற்றொன்று அப்பீல். சம்மன் வராதவருக்கு முதல் வழிதான் நல்லது, ஏனென்றால் அப்பீலில் உங்கள் தரப்புச் சாட்சியமே பதிவில் இருக்காது. அப்பீல் போட்டு அது தீர்ந்துவிட்டால், பிறகு ரத்து மனுவும் போட முடியாது. வரிசை மாறினால் கதவு மூடிவிடும்.

கோர்ட்டில் உள்ள வழக்குக் கோப்பைப் பார்வையிட மனுப் போட்டு, சம்மன் எந்த முகவரிக்குப் போனது, தபால்காரர் என்ன குறிப்பு எழுதினார், பத்திரிகை விளம்பரம் எந்த ஊர்ப் பதிப்பில் வந்தது என்று பாருங்கள். நீங்கள் அப்போது வேறு முகவரியில் இருந்ததற்கு ரேஷன் கார்டோ வாடகை ஒப்பந்தமோ காட்டினால் மனு வலுவாகும். ரத்து மனுவோடு சேர்த்தே தீர்ப்புக்குத் தடையும் கேளுங்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது மறுமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவே தடை. ரத்து மனுவுக்கு அப்படித் தெளிவான பாதுகாப்பு எழுதப்படவில்லை.

அப்பீல்தான் என்றால் எங்கே, எத்தனை நாளில் என்பதையும் கவனியுங்கள். குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பென்றால் ஹைகோர்ட்டில் இரு நீதிபதிகள் அமர்வு. உண்மை, சட்டம் இரண்டையுமே முழுதாகப் பார்ப்பார்கள். சார்பு நீதிமன்றத் தீர்ப்பென்றால் மாவட்ட நீதிமன்றம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எது பொருந்தும் என்ற வாதத்தில் மாட்டிக்கொள்ளாமல் 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள். இருவரும் ஒப்புக்கொண்டு வாங்கிய விவாகரத்துக்கு அப்பீல் கிடையாது.

கேள்வி: குடும்ப நல நீதிமன்றம் கொடுத்த மாத ஜீவனாம்சம் போதவில்லை. அப்பீல் உண்டா?

குற்றவியல் நடைமுறைப்படி கொடுத்த ஜீவனாம்சம் என்றால் அப்பீல் இல்லை, ஹைகோர்ட்டில் சீராய்வு (ரிவிஷன்) மட்டும். அங்கே தொகையை எளிதில் மாற்ற மாட்டார்கள். கணவரின் சம்பளம் உயர்ந்திருந்தால், குழந்தையின் படிப்புச் செலவு கூடியிருந்தால், அதே நீதிமன்றத்தில் தொகையை உயர்த்தக் கேட்பது வேகமான வழி. மனு போட்ட தேதியிலிருந்து கொடுக்காமல் உத்தரவுத் தேதியிலிருந்து கொடுத்திருந்தால் மட்டும் சீராய்வுக்குத் தயங்காமல் போங்கள், 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் மனுத் தேதியிலிருந்து என்று உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது.

கேள்வி: வக்கீல் வராததால் அப்பீல் தள்ளுபடி ஆகிவிட்டது. அவ்வளவுதானா?

கிரிமினல் அப்பீலை அப்படித் தள்ளுபடி செய்யவே கூடாது. வக்கீல் வராவிட்டாலும் பதிவுகளைப் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டு பானி சிங் தீர்ப்பு. குடும்ப வழக்கு அப்பீலை வராததற்காகத் தள்ளலாம், திரும்பக் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் பெண்கள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணில் கேளுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் மனுவை அனுப்பலாம்.