சின்ன ஃபிளாட்டின் பெரிய கணக்கு: கேள்வி பதில்

சென்னையிலும் புறநகரிலும் 45 லட்சத்துக்குள் அடுக்குமாடி வீடு கட்டுவது ஏன் இவ்வளவு சிரமம் என்று வந்த கேள்விகளும், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் பதில்களும்.

சரவணன், ஆவடி: சார், சதுர அடி கட்ட 2,500 ரூபாய்தான் ஆகும் என்கிறார்கள். ஃபிளாட் எப்படி 7,000-க்குப் போகிறது? அவ்வளவு லாபமா?

லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் நிலத்தை விட்டுவிட்டீர்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சதுர அடி 6,000 என்று வைத்துக்கொண்டால் நிலம் மட்டும் 1.44 கோடி. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 2, அதாவது கட்ட முடிந்தது 4,800 சதுர அடி. கட்டிய ஒவ்வொரு சதுர அடிக்கும் நிலச் செலவு 3,000. கட்டுமானம் சேர்ந்தால் 5,500. அப்ரூவல் கட்டணம், விற்பனைச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

பலரும் மறப்பது வட்டி. 1.44 கோடிக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 17.28 லட்சம், சதுர அடிக்கு 360 ரூபாய். பிளான் அப்ரூவல் ஓராண்டு இழுத்தால் 600 சதுர அடி வீட்டின் விலையில் 2.16 லட்சம் ஏறிவிடும். அதே வீட்டுக்குச் சிமெண்டு சுமார் 240 மூட்டை. மூட்டைக்கு 20 ரூபாய் பேரம் பேசிக் குறைத்தாலும் மிச்சம் 4,800 ரூபாய்தான்.

நித்யா, பல்லாவரம்: எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டில் நாலு பெரிய வீடுதான் கட்டுகிறார்கள். எட்டு சின்ன வீடு கட்டினால் விலை குறையுமே?

குறையும். தடுப்பது கார். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 135 சதுர அடி. வண்டி நுழைந்து திரும்பும் இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 270. ஓரம் விட்டது போக ஸ்டில்ட்டில், அதாவது பில்லர்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தரைத்தளத்தில், 1,200 சதுர அடிதான் மிஞ்சுகிறது என்றால் நாலு கார்தான் நிற்கும். வீட்டின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் தரைத்தளம்தான். அகலமான சாலையில் கூடுதலாகக் கட்டும் உரிமையை (பிரீமியம் எஃப்எஸ்ஐ) விலைக்கு வாங்கலாம், ஆனால் கூடுதல் வீட்டுக்குக் கூடுதல் கார் எங்கே நிற்கும் என்ற கேள்வி அங்கேயும் வரும்.

இன்னொரு சிக்கல் பில்லர். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் பில்லர்களுக்கு நடுவே 5 மீட்டராவது தெளிவாக வேண்டும். மேலே 3 மீட்டர் அறைகள். இரண்டும் ஒத்துவராதபோது சிலர் கீழே பில்லரை எடுத்துவிட்டு, முதல் மாடியில் பீம் மேல் பில்லரை நட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சுவரே இல்லாத ஸ்டில்ட் தளம் நிலநடுக்கத்தில் ஏற்கெனவே பலவீனமான இடம். கம்பி கட்டும்போது அங்கே போய்ப் பாருங்கள்: பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 90 பாகையில் நின்றால் போதாது, 135 பாகை உள்ளே வளைந்து கான்கிரீட்டுக்குள் பதிய வேண்டும். பில்லரின் அடியிலும் தலையிலும் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க இதைத்தான் முதலில் விடுவார்கள்.

முருகேசன், மதுரை: செங்கலுக்குப் பதில் ஏஏசி பிளாக் போட்டால் மிச்சமா? விரிசல் விடுகிறது என்கிறார்களே?

கன மீட்டருக்குச் செங்கல் 1,800 கிலோவுக்கு மேல். ஏஏசி, அதாவது உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட இலகு கான்கிரீட் பிளாக், 550 முதல் 650 கிலோ. எடை குறைவதால் கம்பியும் அஸ்திவாரமும் கொஞ்சம் சிக்கனமாகும். ஆனால் டிசைன் போடும் முன்பே முடிவு செய்தால்தான். பாதி வேலையில் மாற்றினால் கம்பியில் ஒன்றும் மிஞ்சாது.

விரிசலுக்குப் பெரும்பாலும் வேலைதான் காரணம். செங்கல் பழக்கத்தில் பிளாக்கைத் தண்ணீரில் ஊறவைப்பது முதல் தவறு. மேற்பரப்பை லேசாக நனைத்தால் போதும். மெல்லிய 3 மி.மீ. பசைக் கலவையால் ஒட்ட வேண்டிய இடத்தில் அரை அங்குலத்துக்குச் சிமெண்டு கலவை வைப்பது இரண்டாவது. பீமுக்கு அடியில் இறுக்கி முடிக்காமல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரிரு வாரம் கழித்து அடையுங்கள். சுவரும் பில்லரும் சேரும் கோட்டில், இரு பக்கமும் 10 செ.மீ. படும்படி வலை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

ஜான்சன், திருப்போரூர்: தளத்துக்கு எட்டு வீடு, ஐந்து தளம், இரண்டு பிளாக். அலுமினிய சென்ட்ரிங் கட்டுபடியாகுமா?

சொந்தமாக வாங்கினால் ஆகாது. ஒரு தளத்துக்கான செட் 100 முறைக்கு மேல் உழைக்கும். உங்களிடம் 10 முறைதான் வேலை. வாடகைக்குக் கிடைத்தால் பாருங்கள்.

எடுப்பதாக இருந்தால் மின்குழாய், தண்ணீர்க் குழாய் வரைபடம் கான்கிரீட் ஊற்றும் முன் முடிந்திருக்க வேண்டும். இந்த முறையில் சுவரும் கான்கிரீட்தான், பிறகு அதைக் குடைய முடியாது. கான்கிரீட் இளகி ஓட வேண்டும், இல்லையென்றால் ஜன்னலுக்கு அடியில் தேன்கூடு போல ஓட்டை விழும். வழவழப்பான அந்தச் சுவரில் சிமெண்டுப் பூச்சு பிடிக்காது, எண்ணெய்ப் படலம் வேறு இருக்கும். கழுவிவிட்டு நேரடியாகப் பட்டி பாருங்கள்.

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்புக் கான்கிரீட்டில், அதாவது முன்கூட்டியே வார்த்த பாகங்களைப் பொருத்தி, எழுப்பினார்கள். 2022 மே மாதம் திறந்தார்கள். அந்த எண்ணிக்கைக்கு அந்த முறை பொருந்தும். 80 வீட்டுக்கு அதற்கான ஏற்பாட்டுச் செலவைப் பிரித்துப் போட இடமில்லை.

ஃபாத்திமா, பெரம்பூர்: எட்டே வீடுள்ள கட்டடத்தில் வாங்குகிறோம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. சரிதானா?

சட்டப்படி சரி. நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது 8 வீடு வரை என்றால் பதிவு தேவையில்லை. நகரெங்கும் எட்டு வீட்டுக் கட்டடமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பதிவான திட்டத்தில் கிடைக்கும் ஐந்தாண்டுக் குறைபாட்டுப் பொறுப்பை இங்கே ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும். யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்பதையும் பாருங்கள்: எட்டுப் பேரின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும்.

கோபால், சேலையூர்: ஜிஎஸ்டி 1 சதவீதமா, 5 சதவீதமா? பில்டர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்.

சென்னையில் கார்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். மொத்த விலையும் 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் 1 சதவீதம். ஒன்று தவறினாலும் 5. இது 2019 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. 44 லட்சத்துக்கு வரி 44,000. 46 லட்சத்துக்கு 2.30 லட்சம். கார் நிறுத்தம், பொது வசதி என்று தனித்தனியாக எழுதினாலும் எல்லாம் அந்த 45 லட்சக் கணக்கில்தான் சேரும். முத்திரைத்தாள் கட்டணம் சேராது. நிறைவுச் சான்றிதழ் வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டியே கிடையாது. ஆகவே முதலில் சான்றிதழின் தேதியைக் கேளுங்கள்.