மாத்திரை வேலை செய்யாத மதியங்கள்: பார்க்கின்சனும் குடலும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பார்க்கின்சன் நோய்க்கு மூன்று ஆண்டுகளாக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. மதிய மாத்திரை சில நாட்களில் வேலையே செய்வதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. தசை அடுக்குகளுக்கு இடையே உள்ள பின்னல் குடலை அசைக்கிறது. உட்புறப் பின்னல் சுரப்பைக் கவனிக்கிறது. பார்க்கின்சனில் மூளையில் படியும் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற அதே புரதம் இந்த நரம்புகளிலும், வயிற்றை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் தொடக்கப் பகுதியிலும் படிகிறது. பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுவது இதனால்தான் என்று கருதப்படுகிறது. நோயே குடலில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது என்ற கருத்தை 2003இல் பிராக் என்ற ஆய்வாளரின் குழுவினர் முன்வைத்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்துவதில்லை.

இப்போது மாத்திரைக்கு வருவோம். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலின் மேற்பகுதிக்குப் போயாக வேண்டும். இதே நரம்புப் பாதிப்பால் இரைப்பை மெதுவாகக் காலியானால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு, உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடல் சுவரைக் கடக்க அதே வழிக்குப் போட்டியிடுகின்றன. ஆகவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ, ஒரு தம்ளர் தண்ணீருடன் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புரதத்தை அடியோடு குறைத்துவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும்.

மலச்சிக்கலுக்கு, மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை, நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் திரவம் போகட்டும். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீர் போதாமல் நார்ப்பொடி கொடுத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். இவை போதாதபோது பெரும்பாலும் மலத்தை இளக்கும் மேக்ரோகால் பொடிதான் முதல் தேர்வு. வழக்கமான அளவு நாளுக்கு 17 கிராம். பலன் தெரிய ஓரிரு நாள் ஆகும். சிலருக்கு மலம் இளகியிருந்தும் வெளியேறாது. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகிக்கொள்வதுதான் காரணம். காலடியில் சிறு மணை போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்கார வையுங்கள். காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் உட்காருவது நல்லது. குடல் தானாக அசையும் நேரம் அது.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மலச்சிக்கலைக் கூட்டும். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு இவருக்குக் கூடவே கூடாது. அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையில் தடுத்து நடுக்கத்தையும் விறைப்பையும் மோசமாக்கும். டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி. பார்த்து மருத்துவரே தர வேண்டும். பலன் இல்லை என்று லெவோடோபாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைத்திருக்கலாம். பேதி மருந்து எதுவும் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.